விஷ்னியெவ்ஸ்கி குடும்பத்தைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போலந்துக் குடும்பப்பெயர்களின் வேர் தேடப் புதிதாக வருகிறவர்களின் குறிப்புகளைப் பார்த்தால், என் பழைய நோட்டையே புரட்டுவது போலிருக்கிறது. ஜெர்மனியின் ரூர் சுரங்கங்களுக்குப் போனவர் பெயரை ஒரு விதமாகவும், சிகாகோ போனவர் வேறு விதமாகவும் எழுதியிருப்பார். இந்த எழுத்து வேறுபாடு ஒருமுறை சொன்னாலே புரிந்துவிடும்; விட்டுவிடுகிறேன்.

பெயருக்குள்ளேயே ஊர் இருக்கிறது என்று நம்புவது

இதைக் கண்டால் இன்றும் எரிச்சல் வருகிறது. விஷ்னியெவ்ஸ்கி என்றால் விஷ்னியெவோ ஊர்க்காரர். ‘விஷ்னியா’ என்பது புளிப்புச் செர்ரி. இதுவரை சரி. ஆனால் விஷ்னியெவோ, விஷ்னியெவ், விஷ்னியோவா என்று அந்த மரத்தின் பெயரில் எத்தனையோ ஊர்கள். நிலவுடைமைப் பிரபுக்கள் முதலில் சூடிய ‘ஸ்கி’ என்ற பெயர் விகுதி பிறகு குடியானவர்களுக்கும் வந்தது. இன்று போலந்தில் நோவாக், கோவால்ஸ்கிக்கு அடுத்த இடம் இந்தப் பெயருக்குத்தான். அத்தனை பேரும் ஒரே ஊரா?

சிகாகோவில் குடியேறிய ஒருவரின் பேத்திக்காகத் தேடினேன். வரைபடத்தில் கண்ணில் பட்ட முதல் விஷ்னியெவோவைப் பிடித்துக்கொண்டு, அந்த ஊர்த் தேவாலயத்தின் திருமுழுக்குப் பதிவேடுகளில் ஏழு மாதம் கிடந்தேன். ரஷ்யாவின் பிடியிலிருந்த பகுதியில் 1868 முதல் பதிவுகள் ரஷ்ய மொழியில்தான். அந்தச் சுழித்த கையெழுத்தையும் இதற்காகவே கற்றேன். பெயரும் வயதும் பொருந்திய ஒருவரைக் கண்டு அனுப்பினேன். அந்த அம்மா அதைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டார்.

பிறகுதான் கப்பல் பட்டியல் கிடைத்தது. 1907க்குப் பின் அமெரிக்கா வந்தவர்களிடம், ஊரில் விட்டுவந்த நெருங்கிய உறவினரின் பெயரும் முகவரியும் கேட்டு எழுதினார்கள். பட்டியலின் அந்தக் கட்டத்தில் தகப்பன் பெயர் வேறு, ஊரும் வேறு. சுவரில் இருந்தவர் யாரோ. அதைக் கழற்றச் சொல்லி நான்தான் போன் செய்ய வேண்டியிருந்தது.

முதலில் கப்பல் பட்டியல், குடியேறிய ஊர்த் தேவாலயத்தின் திருமணப் பதிவு, கல்லறைக் கல். ஊர்ப்பெயர் கையில் வந்த பிறகே போலந்துப் பதிவேட்டைத் திறங்கள்.

எல்லிஸ் தீவில் பெயரை மாற்றினார்கள் என்பது

நியூயார்க் துறைமுகத்தில் குடியேறிகளைச் சோதித்த இடம் எல்லிஸ் தீவு. அங்கே பெயரை மாற்றவில்லை. ஹாம்பர்க், பிரேமன் போன்ற துறைமுகங்களில் எழுதிவந்த பட்டியலை வைத்துத்தான் அங்கே சரிபார்த்தார்கள். பெயரைச் சுருக்கியவர்கள் பெரும்பாலும் குடியேறிய பிறகு தாங்களே சுருக்கிக்கொண்டவர்கள்.

ஆவணத்தில் ‘ரஷ்யா’ என்றிருந்தால் ரஷ்யர் என்று முடிவுகட்டுவது

1795 முதல் 1918 வரை சுதந்திர போலந்தே இல்லை. ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் பங்குபோட்டிருந்தன. அதனால் போலந்துக்காரரும் ‘ரஷ்யா’ என்று பதிவாகியிருக்கலாம்.

விஷ்னியெவ்ஸ்காவை வேறு குடும்பம் என்று ஒதுக்குவது

அது பெண்பால். அவ்வளவுதான்.

பெயருக்கென்று விற்கிற குலச்சின்னத்தை வாங்குவது

வாங்காதீர்கள்.