ஸ்மார்ட் பிளக் வாங்கும் முன் மூன்று நட்சத்திர விமர்சனங்களைப் படியுங்கள்

போன் ஆப்பில் இயக்கும் ஸ்மார்ட் பல்ப், பிளக் வாங்கும்போது ஐந்து நட்சத்திரத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள், பெட்டியைப் பிரித்த கையோடு எழுதியவை அதில் நிறைய. நான் நேராக மூன்று நட்சத்திரத்துக்குப் போய்ப் புதிய தேதியிலிருந்து படிப்பேன், ஏனென்றால் ஆறு மாதம் பயன்படுத்திவிட்டு, அப்டேட்டுக்கு அப்புறம் ஆப் திறக்கவே மாட்டேன் என்கிறது என்று புலம்புகிறவர்கள் அங்கேதான் இருப்பார்கள். இன்டர்நெட் இல்லாமலும் வேலை செய்யுமா என்று தேடிப் பாருங்கள்: 2022 ஏப்ரலில் இந்த மாதிரி ஸ்மார்ட் சாதனங்கள் விற்ற அமெரிக்காவின் இன்ஸ்டியான் நிறுவன சர்வர்கள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோனபோது, ஆப்பையே நம்பியிருந்தவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். அப்புறம், பல பிளக்குகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டும்தான் சேரும், ரூட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் சேராது. இது தெரியாமல் ரூட்டரோடு அரைநாள் மல்லுக்கட்டியவன் சொல்கிறேன்.