பழைய ப்ரியஸில் டைமிங் செயின் சத்தம்: எஞ்சினைப் பிரிப்பதற்கு முன்னும் பின்னும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டங்களின் செம்மண் பாதைகளில் ஓடும் மூன்றாம் தலைமுறை ப்ரியஸ் கார்களுக்கு வயதாகிவிட்டது. எஞ்சின் சத்தத்தைக் கேட்டு போர்மேன் (மெக்கானிக்) "செயின் போச்சு" என்றதும் பணம் புரட்டக் கிளம்பாதீர்கள். இந்த 1.8 லிட்டர் எஞ்சினில் கிராங்க் ஷாஃப்டையும் கேம் ஷாஃப்டையும் இணைக்கும் டைமிங் செயின் மேல் விழும் பழியில் பாதி வேறு கோளாறுடையது.

முதலில் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். வயதான ப்ரியஸ் ஆயில் குடிக்கும். செயினை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில்தான் வேலை செய்கிறது. அளவு குறைந்தால் நல்ல செயினும் சத்தம் போடும். ஃபில்டரோடு 4.2 லிட்டர் 0டபிள்யூ-20 ஆயில் மாற்றிவிட்டு மறுபடி கேளுங்கள். காலையில் காரே குலுங்கி, கூலண்டும் குறைந்துகொண்டே வந்தால் ஹெட் கேஸ்கெட்டை (எஞ்சின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையிலுள்ள அடைப்பு) சந்தேகிக்க வேண்டும். எஞ்சினுக்குத் திரும்பும் புகையைக் குளிர்விக்கும் இ.ஜி.ஆர். கூலரில் கரி அடைத்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். செயின் அப்படிக் குலுக்காது.

செயின் சத்தம் ஓட்டுநர் பக்கத்து ஃபெண்டரை ஒட்டி, உலோகம் உரசுவதுபோல் கேட்கும். ஸ்கேனரில் பி0016 கோடும் (கிராங்க், கேம் நிலைகள் ஒத்துப்போகவில்லை என்பது) வந்தால் சந்தேகம் வலுக்கிறது. ஹைபிரிட் எஞ்சின் தானாக நின்றுவிடுவதால் நிதானமாகக் கேட்க, எஞ்சினை நிற்காமல் ஓடவிடும் மெயின்டனன்ஸ் மோடு தேவை. பிரேக் மிதிக்காமல் பவர் பட்டனை இருமுறை அழுத்துங்கள். பிறகு 60 வினாடிக்குள் கியர் பி-யில் (பார்க்) இருமுறை, என்-இல் (நியூட்ரல்) இருமுறை, மீண்டும் பி-யில் இருமுறை ஆக்சிலரேட்டரை முழுதாக மிதியுங்கள். இப்போது பிரேக்கோடு ஸ்டார்ட் செய்தால் எஞ்சின் நிற்காமல் ஓடும்.

செயின்தான் என்றால், கூலியே பெரிய செலவு. அதனால் செயினை மட்டும் மாற்றுவது வீண். டென்ஷனர், இரண்டு கைடு, முன்பக்க கிராங்க் சீல், வால்வ் கவர் கேஸ்கெட் எல்லாம் சேர்த்தே வாங்குங்கள். ஹாஃப்கட் கடையில் (பழைய கார்களைப் பிரித்து உதிரி விற்கும் கடை) செயின் வாங்கவே வேண்டாம். அது எத்தனை ஆண்டு ஓடி எவ்வளவு நீண்டுவிட்டது என்று யாருக்கும் தெரியாது. டென்ஷனர் மட்டும் கெட்டிருந்தால் டைமிங் கவரைத் திறக்காமலே வெளியிலிருந்து மாற்றலாம். எஸ்டிமேட்டில் பொருளையும் கூலியையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள்.

வேலை தொடங்குமுன் சாவியைக் காரிலிருந்து தூர வைத்து, 12 வோல்ட் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, பூட்டிலுள்ள ஆரஞ்சு சர்வீஸ் பிளக்கை இன்சுலேட்டட் கையுறையோடு உருவி, 10 நிமிடம் காத்திருக்க வேண்டும். கார் ரெடி நிலையில் (ஓடத் தயாராக) இருந்தால் கை உள்ளே இருக்கும்போதே எஞ்சின் கிளம்பிவிடும்.

பொருத்தும்போது பலர் தடுக்கி விழும் இடம் டென்ஷனர் கொக்கி. கொக்கியை மாட்டிய நிலையிலேயே டென்ஷனரைப் பொருத்தி, கிராங்க்கைக் கொஞ்சம் பின்னோக்கித் திருப்பிக் கொக்கியை விடுவித்து, முன்னோக்கித் திருப்பி பிளஞ்சர் (டென்ஷனரின் நீளும் தண்டு) நீள்கிறதா என்று பார்க்க வேண்டும். மறந்தால் செயின் பல் தாண்டும். அப்படித் தாண்டினால் இந்த எஞ்சினில் வால்வும் பிஸ்டனும் மோதும், எஞ்சினே போய்விடும். அடுத்து கையால் கிராங்க்கை இரண்டு முழுச் சுற்று சுற்றி, கிராங்க், கேம் குறிகள் மீண்டும் சேர்கின்றனவா என்று பாருங்கள். செயினின் நிறக் கண்ணிகள் அப்போது குறியில் நிற்காது. அதைக் கண்டு பயந்து மறுபடி பிரிக்காதீர்கள்.

டைமிங் கவருக்குப் பழைய சீலண்ட்டைச் சுத்தமாகச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசுங்கள். பூசிய 3 நிமிடத்துக்குள் கவரை வைத்துவிட வேண்டும். காயும்வரை ஸ்டார்ட் செய்யக் கூடாது. அவசரப்பட்டால் ஆயில் கசியும், அதே வேலையைத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். தூசிப் பாதையில் ஓடும் காருக்கு 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றுங்கள். இடையில் மாதம் இருமுறை டிப்ஸ்டிக் பாருங்கள்.