“கையில அடிச்சான் சார்!”: கத்தும் வீரரிடம் நடுவர் செய்யக் கூடாதவை

பாஸ்கெட்பால் மைதானத்தில் நடுவராக விசிலோடு ஒரு ஆட்டத்துக்கு நின்றால் போதும், இந்த வரியைப் பத்துத் தடவையாவது கேட்டுவிடலாம். லே-அப் போட எழும்பியவர், பந்து வளையத்தில் பட்டு வெளியே போன எரிச்சலில், திரும்பி ஓடிக்கொண்டே கத்துவார். நம் முகத்தைக்கூடப் பார்க்க மாட்டார். புதிதாக விசில் பிடிப்பவர்கள் இதை வசவாக எடுத்துக்கொண்டு டெக்னிக்கல் ஃபவுல் (மோதலுக்கு இல்லாமல் நடத்தைக்குக் கொடுக்கிற ஃபவுல்) கொடுத்துவிடுகிறார்கள். அந்தப் பக்கம் போய்ச் சேர்வதற்குள் அவரே மறந்துவிடுவார்; விட்டுவிடுங்கள். அதே ஆள் ஓடாமல் நின்று, நம் பக்கம் திரும்பி, தன் முழங்கையில் தானே பட்பட்டென்று அடித்துக் காட்டினால் அது வேறு. அப்போது அவர் நம்மை வைத்துக் கூட்டத்திடம் பேசுகிறார். எவ்வளவு சத்தம் என்பதை விட்டுவிட்டு, யாரைப் பார்த்து, எத்தனையாவது தடவை, கை என்ன செய்கிறது என்று கவனியுங்கள்.

காது கேட்காத மாதிரி இருந்துவிடுவது இதற்கு நேர் எதிரான தவறு. நானே செய்திருக்கிறேன். ஒரு ஊர் டோர்னமென்ட், அரையிறுதி. பாயின்ட் கார்டாக, அதாவது பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிறவனாக, ஆடிய பையன் முதல் குவார்ட்டரிலிருந்தே என் ஒவ்வொரு விசிலுக்கும் நிதானமாகக் கைதட்டினான். சின்னப் பையன், போகட்டும் என்று விட்டேன். மூன்றாவது குவார்ட்டரில் அவனோடு சேர்ந்து நாலு பேர் தட்டினார்கள். கடைசி குவார்ட்டரில், இரண்டு பாயின்ட் வித்தியாசத்தில் ஆட்டம் ஓடும்போது, எனக்குப் பொறுக்கவில்லை; டெக்னிக்கல் கொடுத்தேன். “இவ்வளவு நேரம் தட்டினேனே சார், அப்ப ஏன் ஒண்ணும் சொல்லல?” என்றான். நியாயமான கேள்வி. நான் ஸ்கோர் எழுதுகிற டேபிளைப் பார்த்து நடந்துவிட்டேன்.

முதல் குவார்ட்டரில் எச்சரித்திருந்தால் முடிந்துபோயிருக்கும். ஆனால் எச்சரிப்பதிலும் முறை இருக்கிறது, அதைத்தான் நிறையப் பேர் கோட்டைவிடுகிறார்கள். ஃபீபா (சர்வதேச பாஸ்கெட்பால் கூட்டமைப்பு) விதிப்படி பந்து டெட் ஆகி, அதாவது ஆட்டத்தில் இல்லாமல் போய், கடிகாரம் நின்ற பிறகுதான் எச்சரிக்க வேண்டும். தலைமைப் பயிற்சியாளரிடமும் சொல்ல வேண்டும். அதன் பிறகு அது அந்த ஒருவருக்கு மட்டுமில்லை. அணியில் யார் அதே காரியத்தைச் செய்தாலும், ஆட்டம் முடியும்வரை அந்த எச்சரிக்கை செல்லும். ஓடும் ஆட்டத்தில் வீரரின் காதருகே முணுமுணுத்துவிட்டுப் போனால் பயிற்சியாளருக்கு எதுவும் தெரியாது. பிறகு டெக்னிக்கல் கொடுக்கும்போது அவரும் சேர்ந்து கத்துவார். “இதான் லாஸ்ட் வார்னிங்” என்று மூன்று தடவை சொல்கிற நடுவர்களும் உண்டு. எச்சரித்த பிறகுதான் டெக்னிக்கல் கொடுக்க முடியும் என்று நினைப்பதும் தப்பு. அம்மாவை இழுத்துத் திட்டியவருக்கு எதற்கு எச்சரிக்கை?

பதிலுக்குப் பதில் பேசாதீர்கள். “நீ வந்து ஊதிப் பாரு” என்று ஒரு வார்த்தை விட்டால் ஆட்டம் முழுக்க அதுவே ஓடும். அதற்காக வாயைத் தைத்துக்கொள்ளவும் வேண்டாம். பந்து டெட் ஆகி, கடிகாரம் நிற்கும்போது மரியாதையாக வந்து விளக்கம் கேட்க கேப்டனுக்கு விதியிலேயே இடமிருக்கிறது. அவரை விரட்டுவது நம் தவறு. பதில் ஒரு வரியில் இருக்கட்டும்: “பந்துல பட்டுச்சு, அப்புறம்தான் கை.” பார்க்கவில்லையென்றால், “என் இடத்துலருந்து தெரியல தம்பி” என்று சொல்லிவிடலாம். பாதிப் பேர் அதோடு அடங்கிவிடுவார்கள். ஆட்டத்துக்கு ஆறு தடவை அதையே சொன்னால் மட்டும் சிக்கல், நிற்கிற இடத்தை மாற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

கோபம் நம் பக்கம் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்க பாஸ்கெட்பால் லீக்கான என்பிஏவில் ஒரு சம்பவம் உண்டு. 2007 ஏப்ரல் 15, டல்லாஸ். சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணியின் டிம் டங்கன், லீக்கிலேயே அலட்டிக்கொள்ளாத ஆள் என்று பெயரெடுத்தவர், பெஞ்சில் உட்கார்ந்து சிரித்தார். நடுவர் ஜோயி கிராஃபோர்ட் இரண்டாவது டெக்னிக்கல் கொடுத்து அவரை வெளியேற்றினார். டங்கனுக்கு 25,000 டாலர் அபராதம் விழுந்தது உண்மைதான். ஆனால் கமிஷனர் டேவிட் ஸ்டெர்ன் கிராஃபோர்டை அந்த சீசனின் மிச்ச ஆட்டங்கள் முழுவதற்கும், பிளேஆஃப் உட்பட, இடைநீக்கம் செய்தார். பல வருட அனுபவமுள்ளவருக்கே அந்தக் கதி. மைதானத்தில் பந்து ஓடிக்கொண்டிருக்கும்போது பெஞ்சில் யார் சிரிக்கிறார்கள் என்று காது போனால், அன்றைக்கு நாம் ஆட்டத்தில் இல்லை என்று அர்த்தம்.

டெக்னிக்கல் கொடுப்பதென்று முடிவானால் கையைக் காட்டுங்கள், டேபிளுக்குச் சொல்லுங்கள், அந்த வீரரை விட்டு விலகுங்கள். துரத்திக்கொண்டு போய் முகத்துக்கு நேரே கை காட்டுவதால்தான் ஒரு டெக்னிக்கல் இரண்டாகிறது. இரண்டாவது கொடுத்தால் அவர் ஆட்டத்தை விட்டே போக வேண்டும். அந்த வெளியேற்றத்துக்கென்று தனி தண்டனை எதுவும் கிடையாது. பழைய விதிப்படியே விசில் ஊதுகிற சிலர் இன்னும் இரண்டு ஃப்ரீ த்ரோவும் (யாரும் தடுக்காமல் கூடையில் எறியும் வாய்ப்பு) கொடுத்து, பந்தையும் எதிரணிக்குத் தூக்கிக் கொடுக்கிறார்கள். இப்போது ஒரே ஒரு ஃப்ரீ த்ரோதான். விசில் ஊதும்போது பந்து எந்த அணியிடம் இருந்ததோ, அல்லது எந்த அணிக்குச் சேர வேண்டியிருந்ததோ, அந்த அணியே ஆட்டத்தைத் தொடர வேண்டும்.

கத்தியதில் மனசு இளகி, அடுத்த முனையில் ஒன்றுமில்லாத உரசலுக்கு ஃபவுல் கொடுத்துச் சரிக்கட்டுகிற பழக்கம் இருக்கிறதே, இருப்பதிலேயே அதுதான் மோசம். ஒரு தவறு இரண்டாகிறது, கத்தினால் காரியம் நடக்கும் என்று இரண்டு பெஞ்சும் தெரிந்துகொள்கின்றன. மிச்ச ஆட்டத்தை அவர்கள் ஊதுவார்கள்.

கடைசி பஸ்ஸருக்குப் பிறகு திட்டுகிறவர்களும் உண்டு. பார்க்கிங்வரை போய்ப் பதில் சொல்ல வேண்டாம். தலைமை நடுவர் ஸ்கோர்ஷீட்டில் கையெழுத்துப் போடும்வரை ஆட்டத்தின் மீது நமக்கு அதிகாரம் இருக்கிறது. ஆகவே பேனாவைக் கேட்டு வாங்கி, நடந்ததை ஷீட்டின் பின்பக்கத்தில் எழுதிவிட்டு, பிறகு கையெழுத்துப் போடுங்கள்.