வீட்டுவழிக் கல்வியில் வரலாறு: கிறிஸ்தவக் குடும்பங்கள் நூல்களைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பிள்ளைகளுக்கு வீட்டிலேயே கற்பிக்க முடிவெடுக்கும் தமிழ்க் கிறிஸ்தவப் பெற்றோரின் கைக்கு முதலில் வந்து சேர்வது பெரும்பாலும் அமெரிக்கப் பாடநூல் தொகுப்புதான். வீட்டுவழிக் கல்வி அங்கே வேரூன்றிப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டதால், கிறிஸ்தவக் குடும்பங்களுக்கென்றே நூல் எழுதும் பதிப்பகங்களும் அங்கேதான் மிகுதி. கணக்குக்கு எந்த நாட்டுப் புத்தகமானாலும் ஒத்துவரும். வரலாற்றுக்கு அப்படி வராது. 1620இல் மேஃபிளவர் கப்பலில் அமெரிக்கா சென்றவர்களைப் பற்றிப் பல வாரங்களுக்குப் பாடம் இருக்கும். 1025இல் ராசேந்திர சோழன் ஸ்ரீவிஜயத்தின்மீது அனுப்பிய கடற்படையைப் பற்றி ஒரு வரி இருந்தாலே வியப்பு. ஆகவே ஒரு தொகுப்பை வாங்கினால் வரலாற்றுப் பாடம் முடிந்தது என்ற எண்ணத்தை முதலிலேயே விட்டுவிடுவது நல்லது.

அட்டையில் ‘வேதாகம அடிப்படையில் எழுதப்பட்டது’ என்று அச்சிட்டிருப்பதை வைத்து எந்த நூலையும் வாங்கவேண்டாம். அந்தத் தொடர் நூலாசிரியரின் நம்பிக்கையைச் சொல்லுமேயன்றி, அவர் வரலாற்றை எவ்வளவு நேர்மையாக எழுதினார் என்பதைச் சொல்லாது. மாதிரிப் பக்கங்களைப் பதிப்பகத்தின் தளத்திலோ நண்பர் வீட்டுப் பிரதியிலோ பார்த்துக்கொள்ளலாம். அப்படிப் பார்க்கும்போது, ஆசிரியர் தம் நம்பிக்கையைச் சேர்ந்தவர்களே தவறிழைத்த இடங்களை எப்படிக் கையாள்கிறார் என்பதை முதலில் தேடிப் படியுங்கள். சாமுவேலின் இரண்டாம் புத்தகம், தாவீது ராஜா உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு அவனைப் போரில் சாகவைத்ததை மறைக்கவில்லை. தீர்க்கதரிசி நாத்தான் வந்து ராஜாவின் முகத்துக்கு நேரே ‘நீயே அந்த மனுஷன்’ என்று சொன்னதையும் எழுதி வைத்திருக்கிறது. அந்த வேதத்தைக் கையில் வைத்திருக்கும் குடும்பம், சிலுவைப்போர் வீரர்களையோ அடிமை வைத்திருந்த பண்ணையார்களையோ பூசி மெழுகும் நூலை ஏற்க வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை.

எடுத்துக்காட்டாக, அமெரிக்க அடிமைமுறை பற்றிய அத்தியாயத்தைத் திறந்து பாருங்கள். அடிமை வணிகத்தை ஒழிக்க நாடாளுமன்ற உறுப்பினர் வில்பர்ஃபோர்ஸ் போராடி 1807இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது ஏறத்தாழ எல்லாக் கிறிஸ்தவ நூல்களிலும் பெருமையோடு இடம்பெறும்; அது இடம்பெறத்தான் வேண்டும். ஆனால் அடிமை வைத்திருப்பவரை மிஷனரியாக அனுப்பலாமா என்ற சச்சரவில் பாப்டிஸ்டுகள் எனப்படும் அமெரிக்கப் புராட்டஸ்டண்ட் சபையார் பிளவுபட்டு, 1845இல் தென்மாநிலத்தவர் தனிச் சங்கம் அமைத்ததும், அதே சங்கம் 1995இல் அதற்காக மன்னிப்புக் கேட்டுத் தீர்மானம் நிறைவேற்றியதும் உண்டா? வேதவசனத்தை இரு தரப்பினரும் மேற்கோள் காட்டினார்கள் என்பது சொல்லப்படுகிறதா? சிலுவைப்போரில் 1099ஆம் ஆண்டு எருசலேம் வீழ்ந்ததோடு அத்தியாயம் நின்றுவிடுகிறதா, அல்லது 1204இல் சிலுவைப்போர் வீரர்களே கிறிஸ்தவ நகரமான கான்ஸ்டாண்டிநோபிளைச் சூறையாடியதும் வருகிறதா? இந்த இரண்டு இடங்களைப் படித்தாலே நூலின் தன்மை பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

வாக்கிய அமைப்பையும் கவனியுங்கள். ‘ஆப்பிரிக்கர்கள் கப்பலில் கொண்டுவரப்பட்டனர்’ என்று ஒரு நூலும், ‘வணிகர்கள் அவர்களை விலைக்கு வாங்கி, விலங்கிட்டு, கப்பலின் அடித்தளத்தில் அடுக்கிக் கொண்டுவந்தார்கள்’ என்று இன்னொரு நூலும் எழுதும். முதல் வாக்கியத்தில் செய்தவர் யாரென்றே தெரியவில்லை. ஒரு நூல் நன்மை செய்தவர்களைப் பெயர் சொல்லியும் தீமை செய்தவர்களை எழுவாய் இல்லாமலும் எழுதிக்கொண்டே போனால், பத்து வயதுப் பிள்ளைக்கு அது எந்தப் பாடத்தைக் கற்பிக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

சபைப் பிரிவு அடுத்து வருவது. 1517இல் லூதர் தொடங்கிய திருச்சபைச் சீர்திருத்த காலத்தைப் புராட்டஸ்டண்ட் பதிப்பகமும் கத்தோலிக்கப் பதிப்பகமும் ஒரேவிதமாக எழுதுவதில்லை. அதில் குற்றமில்லை, மற்றவரை ஏளனம் செய்யும் நடைதான் குற்றம். தூத்துக்குடிக் கத்தோலிக்க உறவினரும் பாளையங்கோட்டை சி.எஸ்.ஐ. உறவினரும் ஒரே திருமணப் பந்தியில் உட்காரும் குடும்பங்கள் நமக்குள் ஏராளம். உறவினரின் முன்னிலையில் பிள்ளை உரக்கப் படிக்கக் கூசும் அத்தியாயம் உள்ள நூலைத் தவிர்த்துவிடலாம்.

காலக்கணக்கு சற்றுச் சிக்கலானது. ஆயர் அஷர் 1650இல் வெளியிட்ட கணக்கின்படி படைப்பு கி.மு. 4004இலும் நோவா காலத்து வெள்ளம் கி.மு. 2348இலும் நிகழ்ந்தன. அதையோ அதை ஒட்டிய கணக்கையோ பின்பற்றும் நூல்கள், பொதுவாகக் கி.மு. 2560 அளவில் வைக்கப்படும் எகிப்தின் பெரிய பிரமிடையும், அதே காலத்தில் செழித்திருந்த சிந்துவெளி நகரங்களையும் வெள்ளத்துக்குப் பின் தள்ளிவைக்க நேர்கிறது. ஆதியாகமத்தின் ஆண்டுகளைப் பற்றிக் கிறிஸ்தவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. உங்கள் குடும்பத்தின் நிலை எதுவானாலும், பொதுவழக்கில் உள்ள ஆண்டையும் சேர்த்துச் சொல்லி, ஏன் வேறுபடுகிறோம் என்று விளக்கும் நூலையே தேர்ந்தெடுங்கள். சொல்லாத நூலைப் படித்த பிள்ளை, பின்னாளில் தேர்வுக் கூடத்திலோ அருங்காட்சியகத்திலோ வேறு எண்ணைக் காணும்போது திகைத்துப்போகும்.

அப்படியானால் பொதுப் பாடநூல்களே போதுமே என்று கேட்கலாம். தமிழ்நாடு அரசின் பாடநூல்களை இணையத்தில் கட்டணமின்றி இறக்கிக்கொள்ளலாம். சங்ககாலம், சோழர், விடுதலைப் போராட்டம் ஆகியவற்றுக்கு அவற்றைத் துணையாக வைத்துக்கொள்வதே சிக்கனம். ஆனால் மிஷனரிகளும் கம்பெனியாரும் ஒரே கூட்டம் என்று பொதுவாகச் சொல்லப்படும் கருத்தை அப்படியே விட்டுவிடக் கூடாது. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்குவை அங்கிருந்த டேனிஷ் தளபதியே 1708இல் சிறையிலடைத்தார். கிழக்கிந்தியக் கம்பெனியோ 1813ஆம் ஆண்டுப் பட்டயச் சட்டம் வரை தன் ஆட்சிப்பகுதியில் மிஷனரிப் பணியை விரும்பவில்லை. ஆங்கிலேய மிஷனரி வில்லியம் கேரி 1800இல் டேனியர் வசமிருந்த செராம்பூருக்குப் போய்த் தங்கியது அதனால்தான். பிற்காலத்தில் ஆட்சியாளரோடு நெருங்கிய மிஷனரிகளும் உண்டு. இரண்டையும் சேர்த்துச் சொல்லும் நூல் கிடைத்தால் விடாதீர்கள்.

நம் மண்ணின் திருச்சபை வரலாற்றைப் பெரும்பாலும் பெற்றோர்தான் தொகுத்துக் கொடுக்க வேண்டியிருக்கும். இங்கே சற்று நிதானமாகச் செலவிடுங்கள், ஏனெனில் மரபுக்கும் ஆவணத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பிள்ளைக்குக் காட்ட இதைவிட நல்ல களம் இல்லை. அப்போஸ்தலர் தோமா கி.பி. 52இல் கேரளக் கரையில் இறங்கினார் என்பது பழைமையான மரபு. கொல்லத்திலிருந்த தரிசாப்பள்ளி என்ற கிறிஸ்தவ ஆலயத்துக்குக் கி.பி. 849இல் வழங்கப்பட்ட செப்பேடு கண்ணால் காணக்கூடிய ஆவணம். வட்டெழுத்தில் வெட்டப்பட்ட அதில் சாட்சிகளின் கையொப்பங்கள் அரபு, பாரசீக, எபிரேய எழுத்துகளில் இருக்கின்றன. அதன் படத்தை மேசைமேல் வைத்து, ஒரு வணிகத் துறைமுகத்தில் யார் யார் கூடியிருந்தார்கள் என்று பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள். அரை மணி நேரம் போவதே தெரியாது.

மிஷனரி கால்டுவெல்லையும் அப்படியே முழுமையாகச் சொல்லித்தர வேண்டும். 1856இல் வெளிவந்த அவருடைய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் தமிழுக்குச் செய்த தொண்டு எல்லோருக்கும் தெரிந்தது. 1849இல் அவர் எழுதிய நூலொன்று நாடார் சமூகத்தாரைப் புண்படுத்தியதும், சட்டாம்பிள்ளை எனப்பட்ட அருமைநாயகம் ஐரோப்பிய மிஷனரிகளிடமிருந்து பிரிந்து தனிச் சபை கண்டதும் சிறுவர் நூல்களில் அதிகம் வருவதில்லை. சபைக்குள் சாதி கூடாது என்று ஆயர் டேனியல் வில்சன் 1833இல் ஆணையிட்டபோது தஞ்சைப் பகுதியில் எழுந்த எதிர்ப்பும் அத்தகையதே. பன்னிரண்டு வயதானால் இவற்றைத் தாராளமாகப் பேசலாம்.

வயதைப் பொறுத்தவரை, பத்து வயதுக்குள் வாழ்க்கை வரலாறும் கதையும் போதும். சார்லட் மேசன் என்ற ஆங்கிலேயக் கல்வியாளர், உயிரற்ற சுருக்கங்களை ஒதுக்கி, பொருளை நேசிக்கும் ஒருவர் எழுதிய நல்ல நடையுள்ள நூல்களையே பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சொன்னார். படித்ததைப் பிள்ளை தன் சொற்களில் திருப்பிச் சொல்லவேண்டும் என்பது அவருடைய முறை. நூலைச் சோதிக்கவும் அது உதவும். ஓர் அத்தியாயத்தை வாசித்துக் காட்டிவிட்டுச் சொல்லச் சொல்லுங்கள். ‘அவர் ரொம்ப நல்லவர்’ என்பதற்குமேல் ஒன்றும் வரவில்லையென்றால், பல வேளைகளில் குறை நூலில்தான். மிஷனரி வாழ்க்கை வரலாறுகளில் இந்தக் குறை அதிகம். உடனிருந்த உள்ளூர் உபதேசியார்களுக்கும் வீடுவீடாகச் சென்று வேதம் கற்பித்த ‘வேதாகமப் பெண்’களுக்கும் பெயரே இல்லாத நூல் அரைகுறை நூல்தான். பதினான்கு வயதுக்குமேல் கடிதம், கல்வெட்டு, நாட்குறிப்பு போன்ற மூலச் சான்றுகளைச் சிறு பகுதிகளாகக் கொடுக்கலாம்.

தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியாகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதக் குறைந்தது பதினான்கு வயது ஆகியிருக்க வேண்டும். அதற்குச் சுமார் இரண்டாண்டுகளுக்கு முன்பே அந்நிறுவனத்தின் சமூக அறிவியல் நூலைப் புரட்டி, அமெரிக்கத் தொகுப்பில் எவற்றை விட்டுவிடலாம் என்று குறித்துக்கொள்ளுங்கள். அமெரிக்கக் குடியரசுத் தலைவர்களின் வரிசையை மனப்பாடம் செய்யும் பயிற்சிகளை நான் தயங்காமல் தாண்டிவிடச் சொல்வேன்.

செலவைப் பற்றி ஒன்று. பழங்காலம், இடைக்காலம், புதுக்காலத் தொடக்கம், தற்காலம் என நான்கு ஆண்டுச் சுற்றாக அமைந்த தொகுப்புகளை மொத்தமாக வாங்கினால் தள்ளுபடி உண்டு. கப்பல் கூலியும் சுங்கமும் சேர்ந்தால் அந்தத் தள்ளுபடி கரைந்துவிடும். முதல் தொகுதியை மட்டும் பழைய பிரதியாக வாங்கி ஒரு பருவம் படித்துப் பாருங்கள். ஒத்துவரவில்லையென்றால், அதை வேறொரு குடும்பத்துக்குக் கைமாற்றிவிட்டு அடுத்த நூலைத் தேடலாம்.