உங்கள் முதல் நல்ல பாக்கெட் டார்ச்: எப்படிப் பார்த்து வாங்குவது?

நல்லதாக ஒரு சின்ன டார்ச் வாங்கலாம் என்று இணையத்தில் தேடினால் முதலில் கண்ணில் படுவது லூமன், அதாவது வெளிச்ச அளவின் கணக்குதான். 1,000, 3,000, 10,000 என்று பெட்டிக்குப் பெட்டி எண் ஏறிக்கொண்டே போகும். புதிதாக வாங்குகிறவர் பெரும்பாலும் அந்த எண்ணைப் பார்த்தே முடிவெடுக்கிறார். வாங்கி வந்து, ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்து எரித்தால் பக்கத்தில் தூங்குகிற பிள்ளையும் எழுந்துவிடும். கனமும் அதிகம் என்பதால் சில நாளிலேயே டார்ச் பாக்கெட்டை விட்டு அலமாரிக்குப் போய்விடும்.

தினமும் கூடவே இருக்க வேண்டிய டார்ச்சுக்கு வேறு தகுதிகள் வேண்டும். பாக்கெட்டில் உறுத்தக் கூடாது. மிக மெல்லிய வெளிச்சத்தில் தொடங்கி நல்ல வெளிச்சம் வரை படிப்படியாகத் தர வேண்டும். அதற்கான பேட்டரி சுலபமாகக் கிடைக்க வேண்டும். லூமன் எண்ணைக் கடைசியாகப் பார்த்தால் போதும்.

போனிலேயே லைட் இருக்கிறதே என்று கேட்பீர்கள். அது கிட்டத்தில் இருப்பதைப் பார்க்க உதவும், ஆனால் பத்தடிக்கு மேல் அதை நம்ப முடியாது. மழையில் நனைக்க முடியாது, சாய்த்து நிறுத்தி இரண்டு கையாலும் வேலை பார்ப்பது கஷ்டம். கரண்ட் போன நேரத்தில் போன் சார்ஜ்தான் நமக்கு முதலில் தேவை.

படி 1: எதைப் பார்க்கப் போகிறீர்கள்?

ஒரு தாளை எடுத்து, வெளிச்சம் தேவைப்படுகிற இடங்களையும் அவை எத்தனை அடி தூரத்தில் இருக்கும் என்பதையும் எழுதுங்கள். பூட்டுத் துவாரம், ஃபியூஸ் போர்டு, கட்டிலுக்கு அடியில் உருண்ட மாத்திரை, பைக் செயின், இருட்டு மாடிப்படி என்று எழுதிக்கொண்டு போனால், நகரத்தில் இருப்பவருக்கு அநேகமாக எல்லாமே பதினைந்து அடிக்குள் அடங்கிவிடும். அதற்கு 100 லூமன் தாராளம். ராத்திரி மோட்டார் போட வயலுக்குப் போகிறவர், தோப்புக்குள் வீடு இருப்பவர், தெருவிளக்கு இல்லாத சாலையில் நடக்கிறவர் என்றால் கணக்கு மாறும். இவர்களுக்கு ஐம்பது மீட்டர் வரையாவது தெளிவாகத் தெரிய வேண்டும்.

இந்தத் தாள் கையில் இருந்தால் அடுத்த படிகள் எல்லாம் வேகமாக முடியும்.

படி 2: பேட்டரியை முடிவு செய்யுங்கள்

டார்ச்சின் நீளம், பருமன், எரியும் நேரம் மூன்றையும் தீர்மானிப்பது பேட்டரிதான். அதனால் டார்ச்சுக்கு முன்னால் பேட்டரி கட்டையைத் தேர்ந்தெடுங்கள்.

சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் டபுள் ஏ கட்டை எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். ஆனால் சாதாரண கட்டையோ அல்கலைன் கட்டையோ டார்ச்சுக்குள் மாதக்கணக்கில் கிடந்தால் கசியும். கசிந்த உப்பு உள்ளே ஸ்பிரிங்கை அரித்து, மூடியைத் திறக்க முடியாதபடி பிடித்துக்கொள்ளும். அதனால் டபுள் ஏ டார்ச் என்றால் எனிலூப் போன்ற நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜ் கட்டைகளைப் போடுங்கள். மாதக்கணக்கில் சும்மா இருந்தாலும் இவற்றில் சார்ஜ் பெரிதாக இறங்காது. கசிகிற தொல்லையும் மிகக் குறைவு.

அடுத்தது லித்தியம் அயான். இதன் பெயரிலேயே அளவு இருக்கிறது. 14500 என்றால் 14 மில்லிமீட்டர் பருமன், 50 மில்லிமீட்டர் நீளம். அதாவது டபுள் ஏ கட்டையின் அதே உருவம். 18650 என்றால் 18 மில்லிமீட்டர் பருமன், 65 மில்லிமீட்டர் நீளம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. உருவம் ஒன்றாக இருந்தாலும் டபுள் ஏ கட்டை 1.5 வோல்ட், முழுதாகச் சார்ஜ் ஏறிய 14500 கட்டை 4.2 வோல்ட். டபுள் ஏ மட்டுமே ஏற்கும் டார்ச்சில் 14500 போட்டால் உள்ளே சர்க்யூட் கருகிவிடும். கடிகாரத்திலோ பொம்மையிலோ போட்டாலும் அதே கதிதான். வீட்டில் குழந்தைகள் இருந்தால் 14500 கட்டை மேல் பளிச்சென்று ஒரு கலர் டேப் ஒட்டி, தனி டப்பாவில் வையுங்கள்.

18650 வாங்கும்போது, கட்டையில் எவ்வளவு மின்சாரம் அடங்கும் என்று சொல்லும் எம்ஏஹெச் எண்ணைப் பாருங்கள். கடைகளில் நம்பி வாங்கக்கூடிய நல்ல கட்டைகள் 2,500 முதல் 3,500 எம்ஏஹெச் வரை இருக்கும். 9,900 எம்ஏஹெச் என்று அச்சடித்த 18650 உங்கள் கண்ணில் பட்டால் அந்தக் கட்டையை மட்டுமல்ல, அதை விற்கும் கடையையே தவிர்த்துவிடுங்கள். அந்த உருவத்துக்குள் அவ்வளவு மின்சாரம் அடங்காது. பழைய லேப்டாப்பிலிருந்து பிரித்தெடுத்த கட்டையும் வேண்டாம்.

என் சிபாரிசு: நகரவாசிக்கு டபுள் ஏ, 14500 இரண்டையும் ஏற்கும் டார்ச். சார்ஜ் தீர்ந்தால் எந்தக் கடையிலும் ஒரு கட்டை வாங்கிப் போட்டு அந்த ராத்திரியை ஓட்டிவிடலாம். இரவில் வெளியே நடமாடுகிறவருக்கு யூஎஸ்பி-சி சார்ஜ் உள்ள 18650 டார்ச். கட்டையைக் கழற்றி மாற்ற முடியாமல் உள்ளேயே அடைத்து வைத்த மாடல்களை வாங்காதீர்கள். கட்டை செத்தால் டார்ச்சையே தூக்கிப்போட வேண்டியதுதான்.

படி 3: லூமனையும் தூரத்தையும் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

லூமன் என்பது டார்ச்சிலிருந்து வெளியே வரும் மொத்த வெளிச்சம். கேண்டெலா என்பது அந்த வெளிச்சம் ஒரே பக்கமாக எவ்வளவு குவிந்திருக்கிறது என்பது. தூரத்தை முடிவு செய்வது கேண்டெலாதான். 300 லூமன் டார்ச் ஒன்று 1,000 லூமன் டார்ச்சைவிடத் தூரமாக அடிப்பது இதனால்தான்.

தரமான கம்பெனிகள் ஏஎன்எஸ்ஐ எஃப்எல்1 என்ற அளவு முறையைப் பின்பற்றுகின்றன. அதில் எரியும் நேரம் என்றால் வெளிச்சம் தொடக்கத்தில் இருந்ததில் 10 சதவீதமாகக் குறையும் வரை ஆகும் நேரம். தூரம் என்றால் வெளிச்சம் 0.25 லக்ஸாகக் குறையும் இடம். அது ஏறக்குறைய மேகமில்லாத பௌர்ணமி நிலா வெளிச்சம். கேண்டெலா எண்ணின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் இந்தத் தூரம் மீட்டரில் கிடைத்துவிடும். 2,500 கேண்டெலா என்றால் வர்க்கமூலம் 50, தூரம் 100 மீட்டர். நிலா வெளிச்சத்தில் ஆள் நிற்பது தெரியும், முகம் தெரியாது. ஆகவே பெட்டியில் போட்டிருக்கும் தூரத்தில் பாதியைத்தான் உங்கள் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

விளம்பரத்தைச் சோதிக்க ஒரு கணக்கு. 3,000 எம்ஏஹெச் 18650 கட்டையில் 3 ஆம்பியர்-மணி, சராசரியாக 3.6 வோல்ட், பெருக்கினால் சுமார் 11 வாட்-மணி. நல்ல எல்இடி டார்ச் ஒரு வாட்டுக்குச் சுமார் 100 லூமன் தரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் 100 லூமனில் கிட்டத்தட்ட 11 மணி நேரம் எரியும். 1,000 லூமனில் கூடிப்போனால் ஒரு மணி நேரம். 2,000 எம்ஏஹெச் டபுள் ஏ ரீசார்ஜ் கட்டை 1.2 வோல்ட் என்பதால் அதில் இருப்பது 2.4 வாட்-மணிதான், 100 லூமனில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். பெட்டியில் இருக்கும் எண் இந்தக் கணக்கை மிகவும் தாண்டிப் போனால் அதை நம்ப வேண்டாம்.

1,000 லூமன் எரியும்போது சுமார் 10 வாட் மின்சாரம் செலவாகிறது. அதில் பெரும்பகுதி சூடாகத்தான் மாறுகிறது. விரல் நீள டார்ச்சால் அந்தச் சூட்டைத் தாங்க முடியாது. அதனால் ஓரிரு நிமிடத்தில் டார்ச் தானாகவே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். இது கோளாறு அல்ல. ஆனால் 10 சதவீத விதியையும் இதையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புரியும்: “1,000 லூமன், 3 மணி நேரம்” என்று போட்டிருக்கும் டார்ச் முதல் இரண்டு நிமிடம் 1,000 தந்துவிட்டு மீதி நேரம் முழுக்க 200 தந்துகொண்டிருக்கலாம். அதனால் நடு லெவலில் எத்தனை மணி நேரம் என்று பாருங்கள். நீங்கள் அன்றாடம் எரிக்கப் போவது அதைத்தான்.

கீழ் லெவலையும் விட்டுவிடாதீர்கள். ஒரு லூமனுக்கும் குறைவான லெவலை மூன்லைட் என்பார்கள். இருட்டில் பழகிய கண்ணுக்கு அதுவே போதும், யாரையும் எழுப்பாமல் வீட்டுக்குள் நடக்கலாம். மூன்லைட், 10 லூமன் பக்கம் ஒன்று, 100 பக்கம் ஒன்று, 300-க்கு மேல் ஒன்று. இந்த நான்கு இருந்தால் வேறெதுவும் வேண்டாம்.

படி 4: வெளிச்சத்தின் நிறம்

பலரும் கவனிக்காத விஷயம் இது. எனக்கு லூமனைவிட இதுதான் முக்கியம். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள், எண் ஏற ஏற நீலம் கூடும். மலிவான டார்ச்சுகள் 6,500 கெல்வினும் அதற்கு மேலும் உள்ள நீல வெள்ளையில் எரியும். எல்லாம் சாம்பல் பூசியது போலத் தெரியும். 4,000 முதல் 5,000 கெல்வினுக்குள் இருப்பது கண்ணுக்கு இதமான வெள்ளை.

நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கு சிஆர்ஐ என்று ஓர் எண் உண்டு. சூரிய ஒளி 100. சாதாரண டார்ச் எல்இடி 70 அளவில் இருக்கும். நிச்சியா கம்பெனியின் 519ஏ போன்ற எல்இடிகள் 90-ஐத் தாண்டும். ஒயரில் சிவப்பு எது பழுப்பு எது, காயத்தில் ரத்தமா அழுக்கா என்று பார்க்கும்போது வித்தியாசம் தெரியும். கண்ணாடி விரியன் காய்ந்த சருகின் நிறத்திலேயே சருகுக்கு நடுவில் சுருண்டு கிடக்கும். நீல வெள்ளையில் சருகும் பாம்பும் ஒரே சாம்பலாகிவிடும் என்பதால், வரப்பில் நடக்கிறவர்களுக்கு 90 சிஆர்ஐ டார்ச்சைத்தான் சொல்வேன். வெளிச்சம் கொஞ்சம் குறையும், பரவாயில்லை. காலடியில் மட்டும் அடிக்காமல் நான்கைந்து அடி முன்னால் அகலமாகப் படும்படி பிடித்துக்கொண்டு நடங்கள்.

அகலம் என்றதும் ஒன்று: இழுத்து நீட்டிக் குவிக்கும் ஜூம் டார்ச் முதல் டார்ச்சாக வேண்டாம். குவிக்கும்போது பாதி வெளிச்சம் உள்ளேயே வீணாகும். நகரும் தலை வழியாகத் தண்ணீரும் இறங்கும்.

படி 5: ஸ்விட்ச்

வால் பக்கம் ஸ்விட்ச் இருந்தால் இருட்டில் தடவிப் பார்க்காமலே கட்டைவிரல் அங்கே போய்விடும். பக்கவாட்டு ஸ்விட்ச் லெவல் மாற்ற வசதி, ஆனால் பாக்கெட்டுக்குள் தானாக அழுந்தி எரிய வாய்ப்பு அதிகம். அப்படி எரிந்தால் துணி கருகும் அளவுக்குச் சூடேறும். ஆகவே தானாக எரியாமல் பூட்டி வைக்கும் லாக்-அவுட் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். பல டார்ச்சுகளில் வால் மூடியைக் கால் சுற்றுத் தளர்த்தினாலே மின்சாரம் துண்டிக்கப்படும். அலுமினிய மரையின் மேல் உள்ள அனோடைஸ் பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது என்பதுதான் காரணம்.

எரித்ததும் கடைசியாக வைத்த லெவலிலோ கீழ் லெவலிலோ தொடங்கும் டார்ச் நல்லது. ஒவ்வொரு முறையும் மினுக்கும் ஸ்ட்ரோப், எஸ்ஓஎஸ் எல்லாவற்றையும் தாண்டி வர வைக்கும் டார்ச்சை ஒதுக்கிவிடுங்கள். அண்டுரில் என்ற மென்பொருளோடு வரும் டார்ச்சுகள் அருமையானவை. ஆனால் பல கிளிக்குகளை மனப்பாடம் செய்ய வேண்டும். வீட்டில் அம்மா அப்பாவும் எடுத்து எரிக்கப் போகிறார்கள் என்றால் எளிய ஸ்விட்சே சரி.

படி 6: உடம்பு

அலுமினிய உடம்பு, ஐபிஎக்ஸ்8 அல்லது ஐபி68 நீர்க்காப்பு, கழற்றக்கூடிய கிளிப். கிளிப் டார்ச்சைப் பாக்கெட் ஓரமாக நிமிர்ந்து நிற்க வைக்கும். அது இல்லையென்றால் அடியில் சாவியோடு உருளும். வாலில் காந்தம் இருந்தால் பைக், பீரோ, கேஸ் அடுப்பு ஸ்டாண்டு என்று ஒட்டவைத்து இரண்டு கையாலும் வேலை பார்க்கலாம்.

படி 7: எதை, எங்கே

ஒற்றை டபுள் ஏ கட்டையில் எளிமையாக எரிவது போதும் என்றால் 160 லூமன் ஃபீனிக்ஸ் இ12 வி2. டபுள் ஏ, 14500 இரண்டும் வேண்டும் என்றால் ஸ்கில்ஹன்ட் எம்150, சோஃபிர்ன் எஸ்பி10 ப்ரோ. இரண்டாவது அண்டுரில் உள்ளது. 18650-இல் வுர்க்காஸ் எஃப்சி11 அல்லது கான்வாய் எஸ்2 பிளஸ். எஃப்சி11-இல் யூஎஸ்பி-சி சார்ஜும் வால் காந்தமும் உண்டு. எஸ்2 பிளஸுக்குத் தனி சார்ஜர் வேண்டும், ஆனால் கழற்றிப் பழுது பார்க்க அதைவிட எளிதானது கிடையாது.

வெளிநாட்டு வழிகாட்டிகள் பெரும்பாலும் அலி எக்ஸ்பிரஸ் என்ற சீன ஷாப்பிங் தளத்தில் வாங்கச் சொல்கின்றன. அந்தத் தளம் 2020 நவம்பரிலிருந்து இந்தியாவில் தடை செய்யப்பட்டிருக்கிறது. அதனால் முதலில் இங்கே விற்பனையாளர் இருக்கும் மாடலாகப் பாருங்கள். வாரண்டிக்கும் அதுதான் சௌகரியம்.

படி 8: கைக்கு வந்ததும்

மூடியைத் திறந்து பாருங்கள். பல டார்ச்சுகளில் கட்டைக்கு மேல் வட்டமாக ஒரு பிளாஸ்டிக் தாள் இருக்கும். அதை எடுக்காமல் “எரியவே இல்லை” என்று திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு. கட்டையின் பிளஸ் பக்கம் எது என்று குறிப்பேட்டில் பார்த்துப் போடுங்கள். பெரும்பாலும் தலைப் பக்கம்தான்.

மரையை விரலால் தடவுங்கள். மணல் போல நரநரவென்று இருந்தால் துணியால் துடைத்து, ஓ-ரிங் ரப்பர் வளையத்தில் சிலிக்கான் கிரீஸ் ஒரு துளி தடவுங்கள். வாஸ்லின் கூடாது, சில ரப்பர்கள் உப்பிவிடும்.

இருட்டு அறையில் ஒவ்வொரு லெவலையும் எரித்து, போன் கேமரா வழியாகப் பாருங்கள். திரையில் கறுப்புப் பட்டைகள் அழுத்தமாக ஓடினால் அந்த லெவலில் வெளிச்சம் விட்டுவிட்டு வேகமாக மினுங்குகிறது என்று பொருள். பட்டை மெல்லியதாக இருந்தால் கவலை இல்லை. அழுத்தமாக இருந்தால், நீண்ட நேரம் படிக்கவோ வேலை பார்க்கவோ கண் வலிக்கும். மாற்றிக் கொடுக்கும் தேதிக்குள் திருப்பிவிடலாம்.

முதல் சார்ஜை நீங்கள் விழித்திருக்கும் நேரத்தில், மெத்தை மேல் வைக்காமல் தரையில் வைத்துச் செய்யுங்கள். கட்டையின் மேலுறை கிழிந்தாலோ, விழுந்து பள்ளம் விழுந்தாலோ அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உபரிக் கட்டையைச் சாவி, சில்லறையோடு ஒரே பாக்கெட்டில் போடாதீர்கள். பிளாஸ்டிக் டப்பா சில ரூபாய்க்குக் கிடைக்கும். விமானத்தில் போகும்போது உபரி லித்தியம் கட்டைகளைச் செக்-இன் பெட்டியில் வைக்க அனுமதி இல்லை, அந்த டப்பாவோடு கைப்பையில் எடுத்துப் போங்கள்.