ஸ்பின்னிங் ரீலில் பின்னல் நூல்: குளத்து மீனுக்குச் சிக்கில்லாமல் சுற்றி எறிவது

உன்னிச்சை, உறுகாமம், இறக்காமம் என்று கிழக்கிலங்கைக் குளக்கரைகளில் ரீல் போடுகிறவர்களில் பலர் தங்கூசியை (ஒற்றை நைலோன் இழையை) விட்டுப் பின்னல் நூலுக்கு மாறுகிறார்கள். இரண்டு நாள் சிக்கெடுத்துக் களைத்ததும் திரும்பத் தங்கூசிக்கே போய்விடுகிறார்கள். நூலைக் குறை சொல்ல முடியாது. அது தளர்வைப் பொறுக்காத நூல். சுற்றும்போதும் எறிந்த பிறகும் நூல் இறுக்கமாக இருந்தால் பாதிக்கு மேற்பட்ட தொல்லை வராது.

பின்னல் நூல் மெல்லிய பொலிஎதிலீன் இழைகளைப் பின்னிச் செய்தது. இழுத்தால் நீளாது, தண்ணீரில் மிதக்கும், வழுக்கும். ஒரே வலுவுள்ள தங்கூசியை விட நன்றாக மெல்லியது. நீளாதபடியால் தூரத்தில் விரால் தொட்டாலும் கைக்குத் தெரியும், தூண்டிலும் உடனே ஏறும். அதே காரணத்தால்தான் அவசரமாக வெட்டி இழுத்தால் மீனின் வாய் கிழியும். வழுக்குவதால் தங்கூசிக்குப் போடும் முடிச்சு இதில் உருவிக்கொண்டு வரும்.

தடிப்பு

பெட்டியில் எழுதியிருக்கும் இறாத்தலை மட்டும் நம்பி வாங்காதீர்கள். பி.இ. இலக்கத்தையும் (பின்னல் நூலின் தடிப்பைக் குறிக்கும் எண்) மில்லிமீற்றரையும் பாருங்கள். பி.இ. 1 ஏறத்தாழ 0.165 மி.மீ., 1.5 என்றால் 0.205, 2 என்றால் 0.235, 3 என்றால் 0.285. மலிவு நூல்கள் பல, எழுதியதை விடத் தடிப்பாகவே இருக்கும்.

தாமரை, ஆற்றுவாழை அடர்ந்த இடத்தில் தவளை லூர் (தவளை வடிவச் செயற்கை இரை) போட்டு விரால் பிடிக்க பி.இ. 3 நூலும் 4000 அளவு ரீலும் சரி. அதை விட மெல்லியது கொடிக்குள் தலையை விட்ட விராலைத் திருப்பாது. வெளித்தண்ணீரில் சிறிய ஸ்பின்னர் (சுழலும் தகடுள்ள லூர்) எறிய பி.இ. 1 நூலும் 2500 ரீலும் போதும். நாலு இழை நூல் சொரசொரப்பானது, விலை குறைவு. எட்டு இழை வழுவழுப்பானது, தூரம் போகும். கொடிக்குள் போடுகிறவர் எட்டு இழைக்குக் காசு கொட்டத் தேவையில்லை. மிதப்பும் மண்புழுவும் போட்டுத் திலாப்பியா பிடிக்கிறவருக்குத் தங்கூசியே நல்லது.

ஸ்பூலில் சுற்றுதல்

மற்ற எல்லாவற்றையும் விட இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். ரீலில் நூலைத் தாங்கும் உருளைதான் ஸ்பூல். வெறும் ஸ்பூலில் பின்னல் நூலை நேரே கட்டினால், முடிச்சு எவ்வளவு இறுகினாலும் நூற்கட்டு முழுவதும் ஸ்பூலோடு ஒட்டாமல் வழுக்கிச் சுழலும். மீன் இழுக்கும்போது டிராக் (நூலை அளவாக விட்டுக்கொடுக்கும் தடை) வேலை செய்யவில்லை என்று நினைப்பீர்கள். உண்மையில் நூல்தான் உள்ளே வழுக்குகிறது. அதனால் அடியில் தங்கூசி போடுங்கள். அது ஸ்பூலைப் பிடித்துக்கொள்ளும், மேலே வரும் விலை கூடிய நூலும் குறையும்.

எவ்வளவு தங்கூசி என்பதற்கு ஒரு கணக்கு: ரீலில் "0.30 மி.மீ. / 180 மீ." என்று இருக்கிறது, உங்களிடம் 0.20 மி.மீ. பின்னல் நூல் 150 மீற்றர் இருக்கிறது என்று வைப்போம். தடிப்பைத் தடிப்பால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்குங்கள். ரீலுக்கு 0.30 × 0.30 × 180 = 16.2. நூலுக்கு 0.20 × 0.20 × 150 = 6. மிச்சம் 10.2. அதை 0.09ஆல் வகுத்தால் 113. ஆக, அடியில் ஏறத்தாழ 113 மீற்றர் 0.30 தங்கூசி வேண்டும். கணக்குப் பிடிக்காதவர்கள் முதலில் பின்னல் நூலைச் சுற்றி, அதன்மேல் ஸ்பூல் நிறையும்வரை தங்கூசியைச் சுற்றி, பிறகு இரண்டையும் வேறு இரண்டு ரீல்களில் ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றி, மீண்டும் இந்த ஸ்பூலுக்குக் கொண்டுவந்து தலைகீழாக மாற்றிக்கொள்ளலாம். முழுவதும் பின்னல் நூலே போடுவதென்றால் ஸ்பூலில் ஒரு சுற்று இன்சுலேஷன் டேப் ஒட்டி, அதன்மேல் கட்டுங்கள்.

இரண்டு நூலையும் டபுள் யூனி முடிச்சால் இணையுங்கள்: பின்னல் பக்கம் 8 சுற்று, தங்கூசிப் பக்கம் 5. எச்சில் தொட்டு நனைத்து மெதுவாக இறுக்குங்கள். காய்ந்தபடி இறுக்கினால் உராய்வுச் சூட்டில் நூல் பழுதாகும்.

பிறகு நூற்கட்டையின் ஓட்டைக்குள் பென்சிலை விட்டு இன்னொருவரைப் பிடிக்கச் சொல்லுங்கள். ரீலை றொட்டில் பூட்டி, நூலை முதல் வளையத்துக்குள் விட்டு, ஈரத் துணியால் நூலைப் பிடித்தபடி சுற்றுங்கள். பிடி இறுக்கமாக இருக்கட்டும், விரல் நோகுமளவுக்கு வேண்டாம். வெறும் விரலால் பிடித்தால் வெட்டும். சுற்றி முடித்த ஸ்பூலைப் பெருவிரலால் அமத்தினால் கட்டையைப் போல இருக்க வேண்டும். பஞ்சாக அமிழ்ந்தால் எல்லாவற்றையும் அவிழ்த்து மறுபடி சுற்றுங்கள். தளர்ந்த அடுக்குக்குள் மேல் நூல் புதைந்தால் அடுத்த எறிதலில் நூல் சட்டென்று நிற்கும், லூர் அறுந்து பறக்கும்.

விளிம்புக்கு 2 முதல் 3 மி.மீ. குறைவாக நிறுத்துங்கள். நிரம்ப வழியச் சுற்றினால் எறியும்போது சுருள் சுருளாகப் பாய்ந்து சிக்கும்.

எறிந்த பிறகு

லூர் தண்ணீரைத் தொடும் முன்னரே விரலால் ஸ்பூல் விளிம்பைத் தொட்டு, வெளியேறும் நூலை நிறுத்துங்கள். கைப்பிடியைச் சுற்றிப் பெயில் கம்பியை (நூலை ஸ்பூலில் ஏற்றும் வளைகம்பியை) மூடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். கையால் மூடி, நூலைப் பிடித்து ஒருதரம் இழுத்து இறுக்கி, அதன் பிறகே சுற்றுங்கள். இந்த மூன்றையும் செய்யாவிட்டால் ஸ்பூலில் ஒரு தளர்ந்த சுருள் தங்கும். பத்தாவது எறிதலில் அது கட்டோடு வெளியே வரும். கச்சான் வீசும் மாதங்களில் காற்று நூலை வில்லாக வளைத்துவிடும். அப்போது றொட் நுனியைத் தண்ணீருக்குக் கிட்டத் தாழ்த்தி வையுங்கள், பாரம் கூடிய லூர் போடுங்கள். ஒவ்வொரு எறிதலுக்கும் முன் நுனி வளையத்தையும் பாருங்கள். துவளும் நூல் அதில் ஒரு சுற்றுச் சுற்றியிருந்தால் லூர் போய்விடும்.

சிக்கு வந்தால் இரண்டு பக்கமும் இழுக்காதீர்கள். சட்டை ஊசியால் சுருள்களை ஒவ்வொன்றாக வெளிப்பக்கம் தளர்த்துங்கள். ஸ்பூலுக்குள்ளே புதைந்த சிக்கென்றால் பெயில் கம்பியைத் திறந்து, சிக்கிய இடம் வரும்வரை நூலைக் கையால் மெதுவாக வெளியே இழுத்துப் பாருங்கள். பெரும்பாலும் கழன்றுவிடும்.

முடிச்சும் லீடரும்

தவளை லூரை நூலிலேயே பாலோமர் முடிச்சால் கட்டுங்கள். கொடிக்குள் லீடர் (நூல் நுனியில் இணைக்கும் வேறு நூல் துண்டு) தேவையில்லை. இணைப்பு முடிச்சில் சல்லு அள்ளும், பின்னல் நூலோ இளந்தண்டை அறுத்துக்கொண்டு வரும். வெளித்தண்ணீரிலும் பட்ட மரங்களுக்கு அருகிலும் கதை வேறு. இறுகிய பின்னல் நூல் கல்லிலோ மரத்திலோ உரசினால் ஒரு நொடியில் போகும். அங்கே 20 இறாத்தல் ஃபுளோரோகார்பன் அல்லது தங்கூசியில் ஒரு மீற்றர் லீடர் போடுங்கள். எஃப்ஜி முடிச்சு மெல்லியது, வளையத்தில் தட்டாது. கரையில் நின்று அவசரமாகக் கட்ட டபுள் யூனி போதும். மிச்ச நுனியை லைட்டரால் சுடுகிறவர்கள் கவனம்: பின்னல் நூல் சுமார் 145 பாகை செல்சியஸிலேயே உருகிவிடும். வெட்டுவதற்குக் கூரான கத்தரிக்கோல் வேண்டும். பல்லால் கடித்தால் நுனி பிரிந்துவிடும்.

டிராக்கும் கொக்கி மாட்டுதலும்

வலு குறைந்த பகுதியின் கால்வாசிக்கு டிராக்கை வையுங்கள். லீடர் 20 இறாத்தல், அதாவது 9 கிலோ என்றால், தொங்கு தராசில் இழுக்கும்போது 2¼ கிலோவில் நூல் ஓட வேண்டும். கொடிக்குள் விராலுக்கு இதை விட இறுக்கலாம், றொட்டும் ரீலும் தாங்குமளவுக்கு மட்டும். விரால் தவளையை அடித்த உடனே வெட்டி இழுக்காதீர்கள். ஒரு விநாடி விட்டு, பாரம் தெரிந்த பிறகு இழுங்கள்.

சேனநாயக்க சமுத்திரத்தைப் போல மூழ்கிய மரங்கள் உள்ள நீரில் கொக்கி மாட்டத்தான் செய்யும். நூலைக் கையில் சுற்றி இழுத்தால் எலும்புவரை வெட்டும். ஒரு தடியில் ஐந்தாறு சுற்றுச் சுற்றி, றொட்டை ஒதுக்கிவிட்டு, நேராகப் பின்னோக்கி நடவுங்கள். றொட்டை வளைத்து இழுத்தால் முதலில் முறிவது றொட்தான். லூரை எடுக்கத் தண்ணீருக்குள் இறங்கவே கூடாது. இந்தப் பக்கத்துக் குளங்களில் முதலை இருக்கிறது, லூரின் விலை அதற்கு ஈடாகாது.

பராமரிப்பு

நுனி மயிர்விட்டுச் சொரசொரத்தால் இரண்டு மீற்றரை வெட்டிவிடுங்கள். நிறம் மங்கினால் பயமில்லை, வலு போகாது. முன்பக்கம் தேய்ந்ததும் நூலைத் தலைகீழாகத் திருப்பிச் சுற்றினால் புதுநூல் போல இன்னொரு பருவம் ஓடும். உவர்நீர் வாவியில் பாவித்த நாளில் நல்ல தண்ணீரால் கழுவி நிழலில் காயவிடுங்கள். றொட் வளையங்களுக்குள் பஞ்சை விட்டு இழுத்துப் பாருங்கள். பஞ்சு பிடித்தால் அங்கே கீறல் இருக்கிறது, அந்த வளையத்தை மாற்றும்வரை எந்த நூலும் நிலைக்காது. வெட்டிய துண்டுகளைக் கரையில் போடாதீர்கள். அவை உக்காது, நீர்க்காகத்தின் காலிலும் மாட்டின் குளம்பிலும் சுற்றிக்கொள்ளும். பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சிறிதாக நறுக்கிக் குப்பையில் சேருங்கள்.