“மிஸ், அது எப்படி நிற்கும்?”: வாழ்தகு கோள்களைப் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் வெள்ளவத்தையில் ஒரு சிறிய மண்டபத்தில் ஐந்து மாணவர்களின் ஒத்திகைப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருக்கும் பிள்ளைகள். பாடசாலைகளுக்குப் போய்த் தமிழில் வானியல் சொல்லிக்கொடுக்க முன்வந்திருக்கிறார்கள். தலைப்பு, உயிர் வாழ ஏற்ற கோள்கள். ஐவரில் மூவர் நான் 2016-இல் விட்ட பிழையை அதே வார்த்தைகளில் விட்டார்கள். அன்றிரவே இதை எழுத உட்கார்ந்தேன்.

ஒளியாண்டு என்பது தூரம், காலம் இல்லை என்பது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. மேடை ஏறுகிறவர்களுக்கு அது தெரியும். தெரிந்தவர்களே சறுக்கும் இடங்கள்தான் எனக்குக் கவலை.

ஓவியத்தைப் புகைப்படம்போலக் காட்டுவது

சூரியனுக்கு மிக அருகிலுள்ள விண்மீனான புரொக்சிமாவைச் சுற்றும் புரொக்சிமா பி என்ற கோளை இதுவரை யாரும் படம் பிடித்ததில்லை. திரையில் காட்டும்போது “இது ஓவியர் வரைந்தது” என்று வாயால் சொல்லுங்கள்.

வலயத்துக்குள் இருந்தால் வாழலாம் என்று நினைப்பது

வாழ்தகு வலயம் என்பது ஒரு விண்மீனைச் சுற்றியுள்ள தூரக் கணக்கு. ஏற்ற வளிமண்டலம் இருந்தால், அந்தத் தூரத்தில் கோளின் மேற்பரப்பில் தண்ணீர் திரவமாக இருக்க முடியும். கணக்கு அவ்வளவுதான் சொல்கிறது. “ஏற்ற வளிமண்டலம் இருந்தால்” என்ற பகுதியைத்தான் எல்லோரும் விழுங்கிவிடுகிறார்கள்.

நான் வகுப்பில் சந்திரனை உதாரணம் காட்டுவேன். சூரியனிலிருந்து பூமி இருக்கும் அதே தூரத்தில்தான் சந்திரனும் இருக்கிறது. வலயத்துக்குள் இருந்தும் அங்கே காற்றும் இல்லை, ஓடும் நீரும் இல்லை. வியாழனின் துணைக்கோளான யுரோப்பா வலயத்துக்கு வெகு வெளியே இருக்கிறது. அதன் பனி ஓட்டுக்குக் கீழே சமுத்திரம் இருப்பதாக வலுவான சான்றுகள் உள்ளன. இந்த இரண்டையும் சொன்னால் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடும்.

“இரண்டாவது பூமி”

எதை அளந்தார்கள் என்று முதலில் பாருங்கள். 2015-இல் அறிவிக்கப்பட்ட கெப்லர்-452பி தன் விண்மீனுக்குக் குறுக்கே போகும்போது மங்கிய ஒளியை வைத்துக் கண்டுபிடிக்கப்பட்டது. அதனால் அதன் பருமன் தெரியும், பூமியின் விட்டத்தைப்போல் சுமார் 1.6 மடங்கு. அதன் திணிவை அளக்கவில்லை. புரொக்சிமா பி நேர்மாறு. விண்மீனின் தள்ளாட்டத்திலிருந்து கண்டுபிடித்ததால் அதற்குக் குறைந்தபட்சத் திணிவு மட்டும் தெரியும், விட்டம் தெரியாது. திணிவு, விட்டம் இரண்டும் இருந்தால்தான் அடர்த்தி வரும். அடர்த்தி தெரியாத ஒன்றைப் பாறையா வாயுவா என்றே உறுதியாகச் சொல்ல முடியாதபோது, பூமியின் பெயரை அதற்குக் கொடுக்காதீர்கள்.

தூரத்தை வேகத்தால் வகுத்துவிட்டு நிறுத்திக்கொள்வது

இதுதான் அந்தப் பிழை. இன்னும் என்னை உறுத்துவதும் இதுதான்.

2016 ஏப்ரலில் பிரேக்துரூ ஸ்டார்ஷொட் என்ற திட்டத்தை தொழிலதிபர் யூரி மில்னரும் இயற்பியலாளர் ஸ்டீபன் ஹோக்கிங்கும் அறிவித்தார்கள். சில கிராம் எடையுள்ள கருவியை மெல்லிய பாயில் கட்டி, பூமியிலிருந்து பிரமாண்டமான லேசர்க் கதிரால் தள்ளி, ஒளியின் வேகத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொண்டுபோவது யோசனை. அதே ஆண்டு ஓகஸ்டில் புரொக்சிமா பியின் கண்டுபிடிப்பு வந்தது. 4.24 ஒளியாண்டு தூரம். எனக்குத் தலைகால் புரியவில்லை. கொழும்பில் ஒரு பாடசாலைக் கண்காட்சிக்கு ஆளுயரப் பதாகை அடித்தேன்: “இன்னும் 20 ஆண்டுகளில் பக்கத்துக் கோளுக்குப் போய்ச் சேரலாம்!”

கூட்டம் கூடியது. தரம் பத்துப் பிள்ளை ஒருத்தி கடைசி வரை நின்று கேட்டாள்: “மிஸ், அவ்வளவு வேகமாப் போறது அங்க போய் எப்பிடி நிக்கும்?”

எனக்குப் பதில் தெரியவில்லை. “அதையெல்லாம் விஞ்ஞானிகள் பார்த்துக்கொள்வார்கள்” என்று சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையின் பக்கம் திரும்பினேன். அந்த வருடம் நாங்கள் நடத்திய வானம் பார்க்கும் இரவுகளுக்குப் பெயர் கொடுத்திருந்தவள் அவள். ஒன்றுக்கும் வரவில்லை. அந்த மண்டபத்திலேயே சரியான கேள்வியைக் கேட்ட ஒரே ஆள் அவள்தான், அவளை நான்தான் திருப்பி அனுப்பினேன்.

பதில், அது நிற்காது. நிற்பதற்கான திட்டமே அதில் இல்லை. நொடிக்கு 60,000 கிலோமீற்றர் வேகத்தில் போகும் கருவி, புரொக்சிமாவுக்கும் அதன் கோளுக்கும் இடையே உள்ள தூரத்தை இரண்டே நிமிடங்களில் கடந்துவிடும். போகிற போக்கில் படம் எடுத்தால், அந்தப் படம் நம்மிடம் வர இன்னும் நான்கு வருடத்துக்கு மேல். மனிதர் போவது பற்றி அந்தத் திட்டத்தில் பேச்சே கிடையாது.

சக்திக் கணக்கையும் போட்டுக் காட்டுங்கள். ஒரே ஒரு கிராமை அந்த வேகத்துக்குக் கொண்டுவர, சேதாரம் எதுவும் இல்லாவிட்டாலும், ஏறத்தாழ 5 இலட்சம் அலகு மின்சாரத்துக்குச் சமமான சக்தி வேண்டும். மாதம் 100 அலகு பாவிக்கிற வீட்டுக்கு அது 400 வருடத்துக்கு மேல் காணும். ஆட்களையும் சாப்பாட்டையும் விடுங்கள், ஒரு தொன் எடையை மட்டும் எடுத்தால் 50,000 கோடி அலகு. இலங்கை முழுவதும் ஏறத்தாழ முப்பது வருடங்களில் உற்பத்தி செய்கிற மின்சாரம் அது. நிறுத்துவதற்கும் அதே அளவு சக்தியைச் செலவழிக்க வேண்டும். நிறுத்தும் எரிபொருளைக் கூடவே கொண்டுபோவதானால், புறப்படும்போது அந்த எரிபொருளையும் சேர்த்துத் தள்ள வேண்டும். எடை ஏற ஏற எரிபொருள் கூடும், எரிபொருள் கூடக் கூட எடை ஏறும்.

நிறுத்தும் வழியை யாரும் யோசிக்காமல் இல்லை. 2017-இல் ஆய்வாளர்களான ரெனே ஹெல்லரும் மைக்கேல் ஹிப்கேயும் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். மிகப் பெரிய, மிக இலேசான பாய் ஒன்று புரொக்சிமாவின் பக்கத்து விண்மீனான அல்ஃபா சென்டோரியின் ஒளியையும் ஈர்ப்பையும் வைத்தே தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் அப்படி நிற்க வேண்டுமென்றால் ஒளி வேகத்தில் 5 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் வர வேண்டும். அல்ஃபா சென்டோரிக்கு 95 வருடம், அங்கிருந்து திரும்பிப் புரொக்சிமாவுக்குப் போக இன்னும் 46 வருடம். நிற்பது என்ற ஒன்றைச் சேர்த்ததும் 20 வருடம் 140 வருடமாகிறது. இந்தக் கணக்கு அன்று வரவில்லை, ஆனால் அது நிற்காது என்றாவது அந்தப் பிள்ளைக்கு நான் சொல்லியிருக்க வேண்டும். அப்போது தெரியாவிட்டால், “தெரியாது, தேடிச் சொல்கிறேன்” என்றாவது சொல்லியிருக்கலாம்.

இப்போது நான் பதாகை அடிப்பதில்லை. பிள்ளைகளைக் காலிமுகத்திடலுக்குக் கூட்டிப்போகிறேன். பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம் ஒரு மீற்றர் என்று வைத்துக்கொள்கிறோம். கோட்டைப் பக்கத்தில் ஒருவர் சூரியனாக நிற்பார், ஒரு மீற்றர் தள்ளிப் பூமி. மனிதர் போய்வந்த சந்திரன் பூமியிலிருந்து இரண்டரை மில்லிமீற்றர். அப்புறம் ஒரு பிள்ளையை வொயேஜர்-1 விண்கலமாக நடக்கவிடுவோம். 1977-இல் புறப்பட்ட அது, இந்த அளவில் வந்திருப்பது சுமார் 170 மீற்றர். திடலின் பாதியைக்கூடத் தாண்டவில்லை. புரொக்சிமா எங்கே என்று கேட்பார்கள். 268 கிலோமீற்றர், கிட்டத்தட்ட இங்கிருந்து திருகோணமலைக்குப் போகிற வீதியின் நீளம். அதைக் கேட்டதும் வரும் அமைதியை ஒவ்வொரு தடவையும் கவனித்திருக்கிறேன். வொயேஜரின் வேகத்தில் அங்கே போக ஏறத்தாழ 75,000 வருடம் என்று அதற்குப் பிறகு சொன்னால், அந்த எண் அவர்களுக்கு உறைக்கிறது.

சரி, இதைச் சொன்னால் பிள்ளைகள் சோர்ந்துபோவார்கள் என்று ஒத்திகையில் ஒரு தம்பி பயந்தார். என் அனுபவம் வேறு. திடலில்தான் அதிகமான கேள்விகள் வருகின்றன. பாயை எதால் செய்வது, வழியில் தூசி மோதினால் என்ன ஆகும், ஒரு கிராம் கருவியிலிருந்து இவ்வளவு தூரம் எப்படிச் செய்தி அனுப்புவது? ஒவ்வொன்றும் ஆய்வாளர்கள் உண்மையிலேயே மல்லுக்கட்டும் கேள்வி.

முதல் செய்தியோடு நின்றுவிடுவது

க்ளீஸ் 581ஜி என்ற கோள் 2010-இல் அறிவிக்கப்பட்டபோது, அதில் உயிர் இருக்க நூற்றுக்கு நூறு வாய்ப்பு என்று தன் சொந்தக் கருத்தாகச் சொன்னார் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ஸ்டீவன் வோக்ட். 2014-இல் வேறொரு குழு அதே விண்மீனை ஆராய்ந்து, அந்தக் கோள் விண்மீனின் காந்தச் செயற்பாடு காட்டிய போலிச் சைகை என்று முடிவு செய்தது. பழைய சஞ்சிகைத் துணுக்கைப் பார்த்துப் பேசுகிறவர்கள் அந்தக் கோளை இன்னும் உயிரோடு வைத்திருக்கிறார்கள்.

124 ஒளியாண்டு தொலைவிலுள்ள கே2-18பி என்ற கோளையும் இப்படித்தான் கையாளுகிறார்கள். 2025 ஏப்ரலில், ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் தரவில் டைமெத்தில் சல்ஃபைட்டின் சாயல் தெரிகிறது என்று கேம்பிரிட்ஜ் குழு அறிவித்தது. பூமியில் அதைப் பெரும்பாலும் கடல் நுண்ணுயிர்கள்தான் உண்டாக்குகின்றன. ஆனால் அந்தச் சைகை கண்டுபிடிப்பு என்று சொல்லத் தேவையான வலுவை எட்டவில்லை. அதே தரவை மறுபடி அலசிய மற்றக் குழுக்கள் உறுதியான சான்று இல்லை என்றன. உயிரே இல்லாத ஒரு வால்வெள்ளியிலும் அதே சேர்மம் இருப்பது 2024-இல் தெரியவந்தது. பேச்சுக்கு முதல்நாள் இரவு, சொல்லப்போகும் ஒவ்வொரு கோளின் பெயரையும் ஒருமுறை தேடிப் பாருங்கள். அரை மணித்தியாலம் போதும்.

“பூமி கெட்டுப்போனால் அங்கே குடிபோகலாம்”

இதை எந்தப் பிள்ளைக்கும் சொல்லாதீர்கள்.

வானத்தைக் காட்டாமல் பேசுவது

இலண்டனிலோ நியூயோர்க்கிலோ இருப்பவர்களால் அல்ஃபா சென்டோரியைப் பார்க்கவே முடியாது, அங்கே அது தொடுவானத்துக்கு மேலே வராது. கொழும்பில் வரும். ஏப்ரல் கடைசியிலும் மே தொடக்கத்திலும், தென்மேல் பருவ மேகம் கவிவதற்கு முன், இரவு 11 மணியளவில் வெள்ளவத்தைக் கடற்கரையில் தெற்குப் பார்த்து நில்லுங்கள். கையை நீட்டி ஒரு முட்டியின் மேல் இன்னொரு முட்டியை வைத்தால் வரும் உயரத்தில் இரண்டு பிரகாசமான வெள்ளிகள் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். அவற்றுக்கு வலப்பக்கத்தில் திரிசங்கு என்ற சிலுவை வடிவ விண்மீன் கூட்டம். இரண்டில் இடப்பக்கம் இருப்பதுதான் அல்ஃபா சென்டோரி. புரொக்சிமா அதற்கு இரண்டு பாகை தள்ளி, வெறுங்கண்ணுக்குத் தெரியாத மங்கலில் இருக்கிறது. அந்த இடத்தை விரலால் காட்டிவிட்டு, பிள்ளைகள் கேட்கும் வரை பேசாமல் இருங்கள்.